டம்ப் சி ஆடினால் மைம் வருமா?

கேள்வி: பிப்ரவரி 3

கல்லூரி விழாவில் மைம் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆறு பேர். மேடை ஏறிய அனுபவம் இரண்டு பேருக்குத்தான். பழகுவதற்காகத் தினமும் சாயங்காலம் விடுதி மாடியில் டம்ப் சி (டம்ப் சாரேட்ஸ், சீட்டில் இருக்கிற படப் பெயரைப் பேசாமல் நடித்துக் காட்டுகிற ஆட்டம்) ஆடுகிறோம். அதில் நாங்கள் புலி. எந்தப் படப் பெயர் கொடுத்தாலும் முப்பது விநாடிக்குள் கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் மைம் ஒத்திகை என்று நின்றால் ஆறு பேரும் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி ஆகிவிடுகிறோம். இரண்டுமே வாயைத் திறக்காமல் நடிப்பதுதானே? எங்கே தப்பு?

பிப்ரவரி 3, இரவு 10.15

முதலில் டம்ப் சி ஆடுவதை நிறுத்துங்கள் தம்பி. அதில் புலியாக இருப்பதுதான் உங்கள் வியாதி.

நீங்கள் ஆடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1988ல் விடுதி மாடியில் நானும் ஆடியவன்தான். சீட்டைப் பிரித்ததும் முதல் வேலை விரலைக் காட்டுவது. மூன்று விரல் என்றால் மூன்று சொல். அப்புறம் ஒரு விரல், முதல் சொல்லைப் பிடித்திருக்கிறேன் என்று. உள்ளங்கையைக் கத்தியாக்கி வெட்டினால் சொல்லைப் பிளக்கிறோம். காதைத் தொட்டால் இதே ஓசையில் வரும் இன்னொரு சொல். கையைத் தோளுக்குப் பின்னால் வீசினால் இறந்தகாலம். ரஜினி படமா, இல்லாத சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடி. கட்டை விரலை உயர்த்தினால் சரி, அடுத்த சொல்.

இதில் நடிப்பு எங்கே? வாயை மூடிக்கொண்டு எழுத்துக்கூட்டுகிறோம், அவ்வளவுதான். தந்தி ஆபீஸில் கட்டுக்கட கட்டுக்கட என்று தட்டிக்கொண்டிருந்தவரை யாரும் நடிகர் என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 3, இரவு 11.40

படுத்த பிறகு தோன்றியது. ‘நிறுத்துங்கள்’ என்றது கொஞ்சம் அதிகம். பத்துப் பேர் முன்னால் கூச்சமில்லாமல் கோமாளித்தனம் பண்ண டம்ப் சி சொல்லிக்கொடுக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. என்னுடைய ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் (குடியிருப்பின் பொது அறையில் ஏழு பிள்ளைகள், நான் வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதில்லை) ஒரு பெண் முதல் நாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளைத் தரையிலிருந்து எழுப்பி நிற்க வைத்தது இந்த டம்ப் சிதான். ஆனால் எழுந்து நின்ற பிறகு அது உதவவில்லை. மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

காலையில் என்றேன், சாயங்காலம் ஆகிவிட்டது. பெரியப்பா கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

போன தை மாதம் தம்பி வீட்டில் பால் காய்ச்சினார்கள். ராத்திரி பதினைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தம்பி மகள் சீட்டு எழுதி டம்ப் சி ஆரம்பித்தாள். பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் கடைசியாகத் தியேட்டருக்குப் போய் எத்தனை காலம் என்று அவருக்கே நினைவில்லை. படப் பெயர் கொடுத்தால் முழிப்பார் என்று அவருக்கு மட்டும் ஒரு பழமொழியை எழுதிக் கொடுத்தாள். விரல் காட்ட வேண்டும், காதைத் தொட வேண்டும் என்கிற சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். இடது மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே கடிகாரம் இல்லை. வாசல் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, இதோ வருகிறேன் என்பது போல ஆட்டினார். அப்புறம் குனிந்தார். இரண்டு கையையும் அகல விரித்து எதையோ வளைத்துப் பிடித்து முன்னால் இழுத்தார். அது எவ்வளவு பெரியது என்பது அவருடைய முகவாய் போன உயரத்திலேயே தெரிந்துவிட்டது. வலது கையை உள்ளே விட்டார். விளிம்பில் இடித்தது. கையைப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ போல. மறுபடி விட்டார், மறுபடி இடித்தது. வாசலைப் பார்த்தார். இப்போது விரல் ஐந்தையும் குவித்தார், வளையல்காரர் முன்னால் பெண்கள் குவிப்பார்களே, அப்படி. மெதுவாகக் கொண்டுபோனார். இடித்தது. மூன்றாவது தடவை வாசலைப் பார்த்தபோது தலை திரும்பவே இல்லை, கண் மட்டும் போனது.

‘அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது.’ முதல் இடியிலேயே அத்தைக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் கத்தவில்லை. கடைசி வரை பார்த்தோம். விடை தெரிந்த பிறகும் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் மாடியில் விடை தெரிந்ததும் என்ன நடக்கிறது? நடித்தவன் பாதியில் நின்று கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பெரியப்பாவுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அந்த இடத்தில்தான்.

வேடிக்கை என்னவென்றால், அவர் முப்பது வருஷம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். எழுத்துக்கூட்டியே பிழைத்த மனிதர் அன்றைக்கு ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவில்லை.

பிப்ரவரி 5

பழமொழிதான் ரகசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி அதுதான். படப் பெயர் வெறும் பெயர். பழமொழிக்குள் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு ஏதோ ஆகிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவனை நடிக்கலாம். குரங்கு கையில் பூமாலை, கல்லைக் கண்டால் நாயைக் காணோம், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றது, எல்லாம் நடிக்கலாம். ‘அகல உழுவதை விட ஆழ உழு’ என்பதை நடிக்க முடியாது. எங்கள் பையன் ஒருவன் முயன்றான். ‘விட’ என்பதற்கு நேராகக் காதைத் தொட்டுவிட்டான்.

மறுபாதி, புள்ளி. விளையாட்டு எதற்குப் புள்ளி தருகிறதோ அதைத்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். டம்ப் சி வேகத்துக்குப் புள்ளி தருகிறது, உடம்பும் குறுக்கு வழியைக் கற்றுக்கொண்டது. அதனால் எங்கள் பொது அறையில் சட்டத்தை மாற்றினேன். பார்ப்பவர்கள் கத்தக்கூடாது, ஆளுக்கு ஒரு துண்டுத் தாளும் பென்சிலும். நடிப்பவர் தானாக முடிக்கும் வரை எல்லோரும் பார்க்க வேண்டும். முடித்ததும் பழமொழியை எழுதினால் ஒரு புள்ளி. கூடவே, அந்த ஆளுக்கு என்ன வயசு, அது எந்த நேரம், அங்கே வேறு யார் இருந்தார்கள் என்றும் எழுத வேண்டும். நடித்தவர் மனதில் வைத்திருந்ததோடு எது ஒத்துப்போனாலும் அதற்கு ஒரு புள்ளி, அதுவும் நடித்தவருக்கு.

முதல் வாரம் ‘மதில் மேல் பூனை’ வந்தது. ஆறு பேரும் சரியாக எழுதினார்கள். பூனைக்குப் பசியா, பயமா என்று கேட்டேன். ஆறு தாளில் ஆறு விடை. நடித்த பெண் சொன்னாள்: “பூனைதான் அங்கிள், வேற எதையும் யோசிக்கல.”

பிப்ரவரி 6, காலை

நாட்டியம் ஆடுகிற ஒருவர் என்னைக் கண்டித்திருக்கிறார். விரல் காட்டுவது நடிப்பில்லை என்றால் நாட்டியத்தில் கையால் பிடிக்கிற முத்திரை என்ன, அதில் பதாகம் என்ன, கத்தரீமுகம் என்ன, எல்லாம் குறிதானே, அதையும் தந்தி என்பீர்களா என்று.

சரி, இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் முதல் நாள் எழுதியது பாதி தப்பு. குறி இருப்பது குற்றமில்லை. அபிநய தர்ப்பணம் என்கிற பழைய நாட்டிய நூலில் ஒரு சுலோகம் உண்டு. நாட்டியம் படித்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கை போகும் இடத்துக்குக் கண் போகும், கண் போகும் இடத்துக்கு மனம், மனம் போகும் இடத்தில் பாவம் (உணர்ச்சியின் வெளிப்பாடு), பாவம் இருக்கும் இடத்தில் ரசம் (சுவை). அதைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோதுதான் என் நோய்க்கணிப்பு பிசகியது தெரிந்தது. டம்ப் சி ஆடுபவனின் கையில் கோளாறு இல்லை, கண்ணில்தான். கை ஒரு யானையைக் காட்டிக்கொண்டிருக்கும், கண்ணோ நண்பனுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும், சொல்லிவிட்டானா, சொல்லிவிட்டானா என்று. அந்தக் கண்ணுக்கு யானை தெரியவே இல்லை. அப்புறம் எதிரில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பா மூன்று தடவை வாசலைப் பார்த்தார், மற்ற நேரமெல்லாம் அண்டாவைப் பார்த்தார். எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஆகவே தம்பி, மாடியில் டம்ப் சி தாராளமாக ஆடுங்கள். ஒரே ஒரு சட்டம் சேருங்கள்: நடிப்பவன் அணியின் முகத்தைப் பார்த்தால் ஆட்டம் போச்சு.

பிப்ரவரி 6, மதியம்

‘டம்ப்’ என்கிற பெயரையே விட்டுவிடலாமே என்று ஒருவர். நியாயம். பேச முடியாதவர்களைக் கேலி செய்கிற பெயர் அது. பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன், இனி சீட்டு ஆட்டம் என்று எழுதப் பார்க்கிறேன்.

கூடவே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சைகை மொழி பேசுகிறவர்கள் மைம் பண்ணுவதில்லை. அதற்குத் தனி இலக்கணம், தனிச் சொற்கள் உண்டு. டெல்லியில் இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2015ல் தொடங்கியது. 2021ல் அவர்கள் வெளியிட்ட அகராதிப் பதிப்பில் 10,000 சொற்கள். நாம் மாடியில் நின்று கையை ஆட்டுவதையும் அதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

பிப்ரவரி 8

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நமக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது கல்லூரி இல்லை, தெரு.

கிச்சு கிச்சு தாம்பாளம் ஆடியிருக்கிறீர்களா? மணலை ஒரு முழ நீளத்துக்குக் கரை மாதிரி குவிக்க வேண்டும். துடைப்பக் குச்சியில் ஒரு துண்டை இரண்டு விரலால் பிடித்து மணலுக்குள் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிக்கொண்டே பாட்டுச் சொல்லி, எங்கேயாவது விட்டுவிட வேண்டும். எதிராளி இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கும் என்று நினைக்கிற இடத்தில் வைத்து மூடுவாள். என் அக்கா இதில் தோற்று நான் பார்த்ததில்லை. முதல் ஓட்டத்திலேயே குச்சியை விட்டுவிடுவாள். அப்புறம் மூன்று ஓட்டம் வெறும் விரல்தான் ஓடும். விரல் இடுக்கில் அதே இறுக்கம், மணல் நகருகிற அதே வேகம், முகத்தில் அதே கவனம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு கணம் தயங்குவாள். எதிராளி அங்கே போய்க் கையை வைப்பாள். இல்லாத குச்சியைச் சுமப்பதுதானே மைம்? அக்காவுக்கு அப்போது வயது ஒன்பது.

கொலை கொலையா முந்திரிக்காவும் அப்படித்தான். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றி ஓடுகிறவள் துணியை யார் பின்னாலோ போட்ட பிறகும், முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் துணி இன்னும் இருக்கிற மாதிரியே ஓட வேண்டும். போட்டதும் கை லேசாகிவிடும், தோள் இறங்கிவிடும். அதைப் பார்த்தே நாங்கள் கண்டுபிடிப்போம்.

ராஜா ராணி சீட்டை வைத்துப் போன வருஷம் ஒரு குறும்பு செய்தேன். வழக்கமாக ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதிக் குலுக்கிப் போடுவோம், போலீஸ் எழுந்து திருடன் யார் என்று சொல்ல வேண்டும். நான் போலீஸ் வேலையை எடுத்துக்கொண்டு, மீதி நான்கு சீட்டிலும் திருடன் என்றே எழுதிப் போட்டேன். நால்வரும் பிரித்துப் பார்த்தார்கள். தன்னைத் தவிர மற்ற மூவரும் யோக்கியர்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான். ஒருத்தி சீட்டை மடித்து மடித்து மிளகு அளவுக்கு ஆக்கினாள். இன்னொருவன் நான் அவனைப் பார்ப்பதற்கு முன்பே சிரித்தான். நான்காவது பெண் பக்கத்தில் இருந்தவனைச் சந்தேகமாகப் பார்த்தாள், அதுதான் அன்றைக்கு முதல் பரிசு. நான்கு பேரையும் ஐந்து நிமிஷம் அப்படியே வைத்திருந்தேன். ஒளிப்பதற்கு நான்கு விதம் இருக்கிறது என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். சீட்டை விரித்துக் காட்டியதும் அடி விழாத குறை.

பிப்ரவரி 9

இதெல்லாம் புதுசா, வெள்ளைக்காரன் எப்போதோ செய்துவிட்டான் என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது. செய்தது வெள்ளைக்காரன் இல்லை, வெள்ளைக்காரி. சிகாகோக்காரரான வயோலா ஸ்போலின் (1906–1994). அவருடைய ஆசிரியை நீவா பாய்ட், ஹல் ஹவுஸ் என்கிற குடியேறிகள் நல மையத்தில் தெரு விளையாட்டையும் கூட்டு விளையாட்டையும் வைத்தே பாடம் நடத்தியவர். ஸ்போலின் 1930களின் கடைசியில் அரசு வேலைத்திட்டத்தின் கீழ் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கப் போனார். பல மொழிப் பிள்ளைகள். பேச்சை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஏறவில்லை, விளையாட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த விளையாட்டுகளை 1963ல் புத்தகமாகப் போட்டார். அவருடைய மகன் பால் சில்ஸ் அதே வழியில் வந்து 1959ல் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடகக் குழுவைத் தொடங்கிய மூவரில் ஒருவர்.

அவர் பயன்படுத்தியவற்றில் எனக்குப் பிடித்தது, அசைவை யார் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்கிற ஆட்டம். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, வட்டத்தில் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். தலைவர் கைதட்டினால் எல்லோரும் கைதட்ட வேண்டும், அவர் தலையைச் சொறிந்தால் எல்லோரும் சொறிய வேண்டும். உள்ளே வந்தவர் நடுவில் நின்று தலைவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நேராகத் தலைவரையே பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் எதிரில் இருப்பவரைப் பார்த்து, ஓரக்கண்ணால் வாங்கி, கால் விநாடியில் மாற வேண்டும். உங்கள் ஆறு பேருக்கு இது அவசியம். மைம் குழு ஒத்திசைந்து அசைவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கண்ணாடி ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், எதிரெதிரே நின்று ஒருவர் அசைவதை மற்றவர் செய்வது. ஒன்றே ஒன்று: மெதுவாக. பையன்கள் எதிராளியை ஏமாற்றத்தான் பார்ப்பார்கள். ஏமாற்றினால் அது கண்ணாடி இல்லை, கபடி.

பிப்ரவரி 11

நேற்று ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்குப் பழமொழி தீர்ந்துபோனது. அலமாரியில் தொல்காப்பியம் இருந்தது. உணர்ச்சி உடம்பில் தெரிவதைப் பற்றிச் சொல்கிற மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். ‘நகையே அழுகை இளிவரல் மருட்கை, அச்சம் பெருமிதம் வெகுளி உவகை’ என்று எட்டு, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நான்கு நான்காகப் பிரித்திருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். நகை நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகை நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அச்சம் நான்கு: அணங்கு (வருத்துகிற தெய்வ சக்தி), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலே இருக்கிற அரசர்). எட்டு நான்கு முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு சீட்டு!

‘பயப்படு’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லாப் பிள்ளையும் கண்ணை விரித்துக் கையை வாயில் வைக்கும். ‘விலங்குக்குப் பயப்படு’ என்றால் கால் பின்வாங்கும். ‘கள்வருக்கு’ என்றால் மூச்சு நிற்கும், காது வேலை செய்யும். ‘தம் இறை’ என்ற சீட்டை எடுத்தவன் ஐடி கம்பெனியில் இருக்கிற பையன். உட்கார்ந்து எதையோ ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், பின்னால் யாரோ வந்த மாதிரி முதுகு நிமிர்ந்து, வலது கையில் ஒரு விரல் மட்டும் ஒரு சொடுக்கு. கணினித் திரையில் ஜன்னலை மாற்றிவிட்டான். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகம்தான் பயம். சிரித்து மாளவில்லை.

‘அணங்கு’ என்ற சீட்டு யாருக்கும் சரியாக நடிக்க வரவில்லை. பேய் என்று நினைத்து ஆடினார்கள், அது வேறு எங்கோ போனது. இளிவரலை அருவருப்பு என்று சொல்லிக்கொடுத்தேன், எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.

பிப்ரவரி 12

தமிழ் ஆசிரியர் ஒருவர் திருத்தியிருக்கிறார். இளிவரலை அருவருப்பு என்று நான் சொன்னது வடமொழிப் பட்டியலில் இருக்கிற சுவையை இழுத்து வந்து ஒட்டியதாம். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கு காரணம் அங்கேயே இருக்கிறதே, அதில் நாற்றம் எங்கே வந்தது என்று கேட்கிறார். சரிதான். தன் நிலை தாழ்ந்துபோனதை உணர்கிற கூச்சம் அது. வயதானவர் பேருந்தில் ஏற முடியாமல், பின்னால் நிற்பவர் தூக்கிவிடும்போது அவர் முகம் போகிற போக்கு. மூக்கைப் பொத்திய பிள்ளைகளிடம் அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 14

ஓசையை எப்படி நடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கதையில் தொலைபேசி மணி அடிக்கிறது, பின்னணி இசையில் மணிச் சத்தம் போட்டுவிடலாமா என்று.

போடாதீர்கள். மணியை நடிக்க முடியாது, கேட்பவரை நடிக்கலாம். எங்கள் குழுவில் ‘குக்கர் விசில்’ என்று ஒரு சீட்டு போட்டேன். முதலில் எடுத்தவன் உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, ஆவி போகிற மாதிரி தலைக்கு மேல் கையை ஆட்டினான். குக்கராகவே ஆகிவிட்டான். எல்லோரும் கண்டுபிடித்தார்கள். அடுத்து அந்தப் பெண்ணிடம் அதே சீட்டைக் கொடுத்தேன், முதல் நாள் நிமிராமல் இருந்தாளே அவள்தான். உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தாள். படித்தாள். தலை நிமிரவில்லை, தாளை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மற்ற கையில் ஒரு விரலை மடக்கினாள். பக்கம் திருப்பினாள். இரண்டாவது விரல். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மடக்கிய விரலைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். இரண்டா, மூன்றா? அவள் அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள் என்று அவள் தம்பி சொன்னான். குக்கர் சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாக.

பொருளின் எடைக்கு என்னுடைய பழைய பயிற்சி ஒன்று உண்டு. பந்தியில் சாம்பார் வாளி. இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. நிறைந்த வாளி என்றால் இடது தோள் இறங்கி, உடம்பு வலது பக்கம் சாயும். இலைக்கு இலை எடை குறைந்துகொண்டே வர வேண்டும், இருபதாவது இலையில் உடம்பு நேராகிவிட வேண்டும். கரண்டி அடியில் தட்டுவது மணிக்கட்டில் தெரிய வேண்டும். இதைச் செய்து பாருங்கள், பத்து இலைக்குள் தோள் வலிக்கும்.

பிப்ரவரி 14, இரவு

சமையல் வேலை செய்கிறவர் போலிருக்கிறது, ஒரே வரி எழுதியிருக்கிறார்: “சாய்ந்து நடந்து பரிமாறினால் ரெண்டு பந்தியில் இடுப்பு போயிடும் சார்.” யோசிக்க வேண்டிய விஷயம்.

பிப்ரவரி 16

ஒத்திகைக் காணொளி பார்த்தேன். நிறைய மாறியிருக்கிறது. பேருந்துக் காட்சி நன்றாக இருக்கிறது, ஆறு பேரும் ஒரே பிரேக்குக்கு ஆடுகிறீர்கள், வட்டத்து ஆட்டம் வேலை செய்திருக்கிறது.

இரண்டு மனக்குறை. ஒன்று, கடைசியில் அம்மா சாகிறாள். கல்லூரி மைமில் அம்மா சாகாத வருஷம் உண்டா? போதைப்பொருளுக்கும் சாகிறாள், செல்ஃபிக்கும் சாகிறாள், மரம் வெட்டினாலும் சாகிறாள். இந்த ஒரு வருஷம் பிழைத்துப் போகட்டும்.

இரண்டாவது, வெள்ளைப் பூச்சை நம்பி எல்லாவற்றையும் முகத்திலேயே செய்கிறீர்கள். 1991ல் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கத்தின் கலைப்பயணத்தில் புதுக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராகப் போனோம். பல இடத்தில் மைக் கிடையாது, வெளிச்சம் ஒரே ஒரு குழல் விளக்கு. பின்னால் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு எங்கள் முகம் தெரியவே தெரியாது. கைநாட்டு வைக்கப் போகிறவன் வெட்கப்படுகிற காட்சி ஒன்று. நான் முகத்தை என்னென்னவோ செய்து பார்த்தேன், ஒரு சிரிப்புகூட வரவில்லை. குழுவில் மூத்தவர் சொன்னார், “திரும்பி நில்லுடா, முதுகுல வெட்கப்படு.” மறுநாள் முதுகைக் காட்டி நின்று தோளை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்தேன். கிணற்றுமேட்டிலிருந்து சிரிப்பு வந்தது.

பெரியப்பா முதுகைக் காட்டித் தொடங்கினார் என்று எழுதினேன் அல்லவா? அதை எழுதும்போது எனக்கு இது ஞாபகம் வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

ஒத்திகையில் ஒருவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்து பாருங்கள். கண் தெரிகிற மெல்லிய துண்டாக, மேடை விளிம்பைவிட்டுத் தள்ளி. விழுந்து வைக்காதீர்கள்.

பிப்ரவரி 19

இரண்டாம் பரிசு என்று செய்தி பார்த்தேன். சந்தோஷம். முதல் பரிசு வாங்கியவர்கள் அம்மாவைக் கொன்றார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

என் பங்குக்கு ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. இன்று ஒரு கல்யாணம். முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தேன், சாம்பார் வாளிக்காக. அந்தச் சமையல்காரர் சொன்னது சரி, என் முப்பது வருஷப் பயிற்சி தப்பு. பரிமாறுகிறவர் சாயவே இல்லை. வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறார். இலைக்கு வந்ததும் இடது முழங்காலைக் கொஞ்சம் மடக்குகிறார், வாளியின் அடி தொடையில் உட்கார்ந்துகொள்கிறது. எடையைத் தாங்குவது தொடை. தோள் சும்மா இருக்கிறது. எடை தெரிவது வேறோர் இடத்தில்: அடுத்த இலைக்கு நகரும்போது முதலில் வாளியைத் தொடையால் ஓர் உந்து உந்தித்தான் கிளப்புகிறார். வாளி நிறைந்திருக்கும்போது உந்து பெரிது, வரிசையின் கடைசியில் உந்தே இல்லை.

திரும்பி வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இலைக்கு நேரே வந்து நின்றார். வாளியைப் பார்த்த என் கண்ணைப் பார்த்தார், இன்னும் வேண்டும்போல என்று ஒரு கரண்டி ஊற்றினார். நான் அவர் தொடையைப் பார்த்தேன். இன்னொரு கரண்டி. இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்திருந்தால் போய்விட்டிருப்பார். அது தோன்றவில்லை. மூன்றாவது கரண்டியில் சாம்பார் பாயசத்துக்குள் இறங்கிவிட்டது.